முதலில் யாரிடம் செல்வாய்?

தேர்வு என்றால் மனப்பாடம் என்று எண்ணிப் பழகிய சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள் நாம். அப்படி எண்ணுவதற்கு நியாயமும் உண்டு. முப்பது ஜுஸ்வையும் நெஞ்சில் ஏந்திய ஹாபிழ்களை ஈன்றவை நம் வீடுகள். ஓதும் பள்ளியில் அலிஃப் தொடங்கிய நாள் முதல், கேட்டதைக் கேட்டபடியே திருப்பிச் சொல்லும் பிள்ளைதான் நமக்குக் கெட்டிக்காரப் பிள்ளை. அந்த ஆற்றலை நாம் குறைத்து மதிப்பவரல்லர். ஆயினும் அந்த ஆற்றலை மட்டும் துணைகொண்டு நுழைய முடியாத வாயில் ஒன்றை, அண்மையில் மிக அருகிலிருந்து காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

நம் தமக்கையின் மகள், அதாவது நம் மருமகள், செவிலியர் பட்டப் படிப்பை நான்காண்டுகள் படித்துத் தேறியவள். சென்னையில் ஒரு மருத்துவமனையில் மூன்றாண்டுகள் பணியாற்றிய பின், 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் காயல்பட்டினத்துக்குத் திரும்பி வந்தாள். அமெரிக்காவில் செவிலியராகப் பதிவு பெறுவதற்கான ‘என்க்ளெக்ஸ்’ என்னும் உரிமத் தேர்வை எழுதுவது அவள் நோக்கம். அமெரிக்காவுக்கு மட்டுமன்று, 2015 முதல் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களிலும் இத்தேர்வே வாயில். ஆஸ்திரேலியாவும் 2020 முதல், வெளிநாட்டில் பயின்ற செவிலியரில் ஒரு பிரிவினருக்கு இதனையே முதற்படியாக வைத்தது.

செவிலியர் பணி நம் வீட்டுப் பெண்களுக்கு ஆகுமா என்று தொடக்கத்தில் முணுமுணுத்த உறவினர் சிலர் இருக்கவே செய்தனர். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்கள் ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில்தான் மருத்துவம் பெற்றார்கள் என்ற வரலாற்றை நாம் ஒருமுறை எடுத்துரைத்தோம். அத்துடன் அப்பேச்சு அடங்கிற்று. அதனைப் பற்றி மேலும் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

நம் ஊர் வழக்கப்படி பெண்மக்கள் தாய்வீட்டிலேயே வாழ்வர். ஆதலால் தமக்கையின் இல்லத்துக்கு, அதாவது நம் தாயாரின் இல்லத்துக்கு, அஸருக்குப் பின் சென்று வருவது நமக்கு அன்றாட வழக்கம். ஒருநாள் மருமகள், “மாமா, நீங்கள் கேள்வியை வாசியுங்கள், நான் விடை சொல்கிறேன். நானே வாசித்தால் விடை இருக்கும் பக்கம் கண் ஓடிவிடுகிறது” என்றாள். மருத்துவம் நமக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துக் காலம் கழித்தவர் நாம். ஆங்கிலத்தில் உள்ளதைப் பிழையின்றி வாசிப்போம், அவ்வளவே. அதுவே போதும் என்றாள்.

முதல் நாள் வாசித்த கேள்வி இன்றும் நினைவில் நிற்கிறது. நான்கு நோயாளிகள். ஒருவர் நேற்று அறுவை செய்துகொண்டவர். வலி தாங்கவில்லை என்கிறார். ஒருவருக்குச் சர்க்கரை 210. ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும், சீட்டு எங்கே என்று சத்தமிடுகிறார். நான்காமவர் ஆஸ்துமா நோயாளி. சற்றுமுன் வரை விசில் போல் இரைந்துகொண்டிருந்த மூச்சு இப்போது ஓசையற்றுப் போய்விட்டது. உறக்கம் வருவது போல் கண்கள் சொருகுகின்றன. முதலில் யாரிடம் செல்வாய்?

நாம் வலியால் துடிப்பவரிடம் செல்வோம். இரைச்சல் நின்றது நல்லதுதானே என்றே எவருக்கும் தோன்றும். மருமகளோ ஒரு நொடியும் தயங்கவில்லை. “நான்காமவர்” என்றாள். இரைச்சல் என்பது இடுங்கிய குழாய் வழியே காற்று போவதன் அடையாளமாம். அந்த ஓசையும் நின்று நோயாளி சோர்ந்தால், காற்றுப் போக்குவரத்தே நிற்கப் போகிறது என்று பொருளாம். வலி காத்திருக்கும், 210 சர்க்கரை காத்திருக்கும், சீட்டுக்குச் சத்தமிடுபவருக்கு மூச்சு நன்றாகவே இருக்கிறது என்பதற்கு அவர் சத்தமே சான்று. இதைக் கேட்டு நாம் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். ஓசை எழுப்புபவரிடம் ஓடுவதும், ஓசையின்றித் துன்புறுபவரை மறப்பதும் மருத்துவமனைக்கு மட்டும் உரியவை அல்லவே!

இத்தேர்வின் அமைப்பைச் சிறிது சொல்லிவிடுவது நலம். 1980களில் இது இரண்டு நாள் எழுத்துத் தேர்வாக, ஆண்டுக்கு இருமுறை நடந்தது. 1994இல் கணினிக்கு மாறியது. அன்று முதல் இதன் போக்கே வேறு. ஒரு கேள்விக்குச் சரியாக விடையளித்தால் அடுத்தது கடினமாக வரும்; தவறினால் சற்று எளிதாக வரும். சிலம்ப ஆசான் புதிதாக வந்தவனின் கம்பைத் தட்டிப் பார்த்து, அவன் தாங்கும் அளவறிந்து அடுத்த வீச்சை வீசுவது போன்றது இது. ஒவ்வொரு விடைக்குப் பின்னும் இயந்திரம் அவள் திறனைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. தேவையான தகுதிக்கு மேலே நிற்கிறாளா, கீழே நிற்கிறாளா என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதி ஏற்பட்டதும் தேர்வு நின்றுவிடும். குறைந்தது 85 கேள்விகள், கூடினால் 150. காலம் ஐந்து மணி நேரம். விட்ட கேள்விக்குத் திரும்பிப் போக வழியில்லை. நன்கு எழுதுபவருக்கும் கடினமான கேள்விகளே வந்துகொண்டிருப்பதால், ஏறத்தாழப் பாதிக்குத் தவறாக விடையளித்தவரும் தேறலாம். முதல் மதிப்பெண் வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு இதைச் செரித்துக்கொள்வது எளிதன்று.

2023 ஏப்ரலில் இன்னொரு மாற்றமும் வந்தது. ஒரே நோயாளியின் ஏட்டைத் திரையில் விரித்து வைத்து, ஆறு கேள்விகள் தொடர்ச்சியாகக் கேட்கிறார்கள். எந்தக் குறி கவனிக்கத்தக்கது? அது எதைக் காட்டுகிறது? எது மிகவும் அபாயம்? என்னென்ன செய்யலாம்? எதைச் செய்வாய்? செய்ததால் பலன் கிடைத்ததா? இப்படிப்பட்ட ஏடுகள் குறைந்தது மூன்றாவது வரும். பொருந்துவன எல்லாவற்றையும் தெரிவு செய்யும் கேள்விகளில் முன்பெல்லாம் ஒன்று பிசகினாலும் மதிப்பெண் இல்லை. இப்போது சரியானதற்குக் கூட்டி, தவறானதற்குக் கழிக்கிறார்கள். ஐயத்துக்கு எல்லாவற்றையும் தொட்டு வைப்போம் என்பவர் இதில் இழப்பவரே.

இனி, வருந்தத்தக்க செய்தி ஒன்று. மருமகள் முதலில் சேர்ந்தது ஒரு பயிற்சி நிலையத்தில். பெயர் வேண்டாம். அங்கே அவளுக்குக் கொடுத்தது, தேர்வு எழுதி வந்தவர்கள் நினைவில் வைத்துச் சொன்ன ‘உண்மைக் கேள்விகள்’ என்று சொல்லப்பட்ட ஒரு பெரிய கட்டு. தேர்வுக் கேள்விகளை வெளியிடமாட்டோம் என்று ஒவ்வொரு தேர்வரும் உறுதி கூறிவிட்டே உள்ளே அமர்கிறார். அந்த உறுதியை முறித்துச் சேர்த்த சரக்கு அது, ஹலாலான பண்டமன்று. அந்நிலையத்துக்குப் போன பணம், சென்னையில் இரவுப் பணி செய்து அவள் சேமித்தது.

அந்தக் கட்டினால் அவளுக்கு நேர்ந்த கெடுதல் வேறொன்று. இரண்டு மாதங்களில் அத்தனையும் மனனம். பயிற்சியில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தாள். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நமக்கு மட்டும் ஓர் ஐயம். ஒருநாள் நாம் வாசிக்கும்போதே ஒரு சொல்லை மாற்றி வாசித்தோம். இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும் நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் முதுகு வலியும் கண்டால் ‘முதலில்’ என்ன செய்வாய் என்பது கேள்வி. ‘முதலில்’ என்பதை ‘அடுத்து’ என்று மாற்றினோம். அவள் பழைய விடையையே சொன்னாள். கேள்வியை அவள் கேட்கவே இல்லை. அதன் முகத்தை மட்டும் அடையாளம் கண்டிருந்தாள்.

அன்றிரவு அவள் சரியாக உண்ணவில்லை. மறுநாள் அந்தக் கட்டை எடுத்துப் பரணில் போட்டாள். அதன்பின் நடந்ததே உண்மையான பயிற்சி.

நாளொன்றுக்குக் கேள்விகள் நாற்பதுக்கு மேல் வேண்டாம் என்று அவளே வரையறுத்துக்கொண்டாள். விடை சொன்னதும் நாம் அடுத்ததற்குப் போகக் கூடாது. மற்ற மூன்றும் ஏன் தள்ளப்பட்டன என்று அவள் தமிழில் நமக்குச் சொல்ல வேண்டும். தமிழில் சொல்ல வேண்டும் என்பது நம் நிபந்தனை. ஆங்கிலச் சொற்களை அடுக்கிக்கொண்டு போகும்போது அறிவு இருப்பது போலவே தோன்றும். பொட்டாசியம் 6.4 என்றால் என்ன ஆபத்து என்று, ஒன்றும் அறியாத மாமனுக்குத் தமிழில் விளக்கப் புகுந்தால், தெரிந்தது எது, தெரிந்ததாக எண்ணியிருந்தது எது என்று இரண்டு நிமிடத்தில் பிரிந்துவிடும். “இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும் மாமா, துடிப்பே நின்றும் போகலாம்” என்பாள். “எப்படிக் கெடுக்கும்?” என்போம். சில வேளை விடை வரும். சில வேளை எழுந்து போய்ப் பாடநூலைக் கொண்டுவருவாள்.

அவள் தவறவிட்ட கேள்விகளுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம். அதில் கேள்வியை எழுதமாட்டாள். எதனால் தவறியது என்பதையே எழுதுவாள். ‘அறியவில்லை’ என்று சில. ‘அறிந்தும் அவசரம்’ என்று சில. ‘கேள்வியில் இல்லாததை நான் சேர்த்துக்கொண்டேன்’ என்று பல. மருந்துப் பெயர்களுக்குத் தனிப் பக்கம். நாம் பாராசிட்டமால் என்பதை அங்கே அசிட்டமினோஃபென் என்கிறார்கள்; நம் அட்ரினலின் அங்கே எபினெஃப்ரின்; சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால் ஆகிவிடுகிறது; பெத்திடின் மெப்பரிடின் ஆகிவிடுகிறது. மூன்றாண்டுகள் நாள்தோறும் கையாண்ட மருந்தை, தேர்வுத் திரையில் அந்நியராகக் காண்பது எத்தகைய சோதனை! நல்லவேளையாக, இவற்றுக்கு மனப்பாடமே போதும்.

ஆனால் நோட்டுப் புத்தகத்தில் மிகுதியாக வந்த குறிப்பு வேறு: ‘டாக்டரைக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டேன்.’

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அவள் பணியாற்றிய வார்டில் எது நேர்ந்தாலும் மருத்துவருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே செவிலியருக்குப் பாதுகாப்பு. தானாக ஒன்று செய்து அது பிசகினால் கேட்பார் பலர். செய்யாமல் காத்திருந்தால் கேட்பாரில்லை. இத்தேர்வோ மருத்துவரை அழைப்பதைத் தவறென்று சொல்லவில்லை. அழைப்பதற்கு முன் உன் கை என்ன செய்தது என்று கேட்கிறது. இரத்தம் ஏற்றும்போது நடுக்கம் கண்டால், மருத்துவருக்குச் சொல்வதும், குழாயை மாற்றிச் சலைன் ஏற்றுவதும், இரத்தப் பையை இரத்த வங்கிக்கு அனுப்புவதும் எல்லாம் சரியே. ஆனால் முதலில் இரத்தத்தை நிறுத்து. நிறுத்தாமல் தொலைபேசியைத் தேடிய ஒவ்வொரு நொடியும் அது உடம்பில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பழக்கம் வார்டில் மட்டும் கற்றதன்று என்பது நம் கருத்து. நம் வீடுகளில் பெண்பிள்ளையைப் படிக்க வைக்கிறோம். பட்டம் வாங்கியதும் மகிழ்கிறோம். ஆனால் வீட்டில் ஒரு காரியம் என்று வந்தால், ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று அவளைக் கேட்பவர் எத்தனை பேர்? இருபத்தாறு வயது வரை ஒன்றையும் தீர்மானிக்க விடாமல் வளர்த்த பெண், திரையின் முன் அமர்ந்ததும் நிமிடத்துக்கு ஒரு தீர்மானம் எடுக்க வேண்டுமென்றால் அவள் கை எப்படி வரும்?

2024ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் ஒருநாள். நம் தாயாருக்கு எழுபத்தாறு வயது. நெடுநாள் சர்க்கரை நோயாளி. நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியும் கேட்கமாட்டார். ஸஹரில் வழக்கம்போல் கிளிமெப்பிரைடு மாத்திரையை விழுங்கிவிட்டு நோன்பு வைத்திருக்கிறார். அஸருக்குப் பின் நாம் சென்றபோது திண்ணையில் சாய்ந்திருந்தார், முகமெல்லாம் வியர்வை. நம்மைப் பார்த்து, என்றோ மவுத்தாகிவிட்ட தம் தம்பியின் பெயரைச் சொல்லி அழைத்தார்.

தமக்கை, “நோன்புக் களைப்புதான், இன்னும் ஒரு மணி நேரத்தில் பாங்கு சொல்லிவிடுவார்கள், படுக்க வையுங்கள்” என்றாள். மைத்துனர் கார் அழைக்கப் புறப்பட்டார். பக்கத்து வீட்டு மாமி ஓதி ஊதத் தண்ணீர் கொண்டுவந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். மருமகள் பேசவில்லை. உள்ளே போய்ச் சர்க்கரை பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து, விரலில் குத்திப் பார்த்தாள். 48.

“நோன்பை முறிக்க வேண்டும். இப்போதே.”

“உம்மாவிடம் கேட்காமலா?” என்றாள் தமக்கை. பாட்டியார் நோன்பில் எத்தகைய பிடிவாதக்காரர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“உம்மம்மாவால் இப்போது பதில் சொல்ல முடியாது. ஆனால் விழுங்க முடிகிறது. இன்னும் சற்றுப் போனால் அதுவும் முடியாது, அப்புறம் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது” என்றவள், யார் பதிலுக்கும் நிற்கவில்லை. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, பாட்டியாரை நிமிர்த்தி உட்கார வைத்து, மடக்கு மடக்காகப் புகட்டினாள். கடிகாரத்தைப் பார்த்தபடி பதினைந்து நிமிடம் காத்திருந்தாள். மீண்டும் பார்த்தாள்: 66. மீண்டும் அதே அளவு. மறுபடி பார்த்தபோது 92. அதற்குள் தாயார் நம்மை நம் பெயரால் அழைத்தார்.

பாலும் ரொட்டியும் கொடுத்த பிறகும் அவள் விடவில்லை. அந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள் வரை நிற்கும். சர்க்கரை மறுபடியும் இறங்கலாம் என்றாள். மருத்துவரிடம் தொலைபேசியில் விவரம் சொல்லிவிட்டு, இரவெல்லாம் இரண்டு மணிக்கொருமுறை விரல் குத்திப் பார்த்தாள். மறுநாள் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பதைப் பள்ளி ஆலிம் அவர்களும் வந்து சொல்லிப் போனார்கள். தாயாருக்கோ கோபம் தீர ஒரு வாரம் ஆயிற்று. “ஒரு மணி நேரம் பொறுக்கலாகாதா? கடைசிப் பத்தில் ஒன்றைக் கெடுத்துவிட்டாளே!” என்று வருவோர் போவோரிடமெல்லாம் முறையிட்டார்.

அன்றைய நிகழ்ச்சியை மருமகள் தன் நோட்டுப் புத்தகத்தில் ஓர் ஏடாக எழுதி வைத்திருந்ததைப் பின்னர் கண்டோம். வியர்வை, குழப்பமான பேச்சு, மாத்திரை, பட்டினி, இவை குறிகள். பிறகு ஆறு கேள்விகள், ஆறு விடைகள். கடைசியில் சிறு எழுத்தில்: ‘கருவியை எடுத்து வர உள்ளே போனேன். அதற்குள் யாரையாவது பாட்டியின் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்க வேண்டும்.’ அதன்பின் அவள் ஏடுகளில் ‘டாக்டரைக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டேன்’ என்ற குறிப்பு அருகிப் போயிற்று. முற்றிலும் மறையவில்லை.

வீட்டாருக்கும் இதில் கடமை உண்டு. தேர்வுக்கு அணியமாகும் ஆணுக்கு நாம் கதவைச் சாத்திக் கொடுக்கிறோம்; பெண்ணுக்குக் கதவைத் தட்டித் தேநீர் போடச் சொல்கிறோம். நோன்புப் பெருநாள் கழிந்ததும் தமக்கை தானாகவே மாடி அறையைக் காலி செய்து கொடுத்தாள். மணப்பேச்சு ஒன்று வந்தபோது, தேர்வு முடியட்டும் என்று மைத்துனர் திருப்பி அனுப்பினார். அந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று. அதைச் சொல்லிக் காட்டியவர்களும் உண்டு.

ஜூன் மாதம் சென்னையில் தேர்வு. கட்டணம் இருநூறு டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்கு மேலும் நூற்றைம்பது. உள்ளே போகுமுன் உள்ளங்கை நரம்புகளைக் கருவியில் பதித்துக்கொண்டார்கள். நாம் வெளியே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிட்டாள். 85ஆவது கேள்வியோடு திரை அணைந்துவிட்டதாம். அது தேறியதற்கும் அடையாளம், தவறியதற்கும் அடையாளம். இரண்டில் ஒன்று உறுதியாகிவிட்டது என்பதே அதன் பொருள். தவறியிருந்தால் மறுபடி எழுத நாற்பத்தைந்து நாள் காத்திருக்க வேண்டும். இரயிலில் திரும்பி வரும்போது அவள் ஒரு கேள்வியைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. உறுதி கொடுத்திருக்கிறேன் என்றாள். அந்த இரவு முழுதும் உறங்கினாள்.

தேறிவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். இனி ஆங்கிலத் தேர்வு, சான்றிதழ்ச் சரிபார்ப்பு, விசா என்று படிகள் உள்ளன. அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் வேலை விசாவுக்கு, இந்தியாவில் பிறந்தவர்கள் நிற்கும் வரிசை ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஏமாற்றும் தரகர்கள் இதைச் சொல்வதில்லை. பிள்ளைகளை அனுப்ப எண்ணும் பெற்றோர் இதை அறிந்துகொண்டே பணத்தைச் செலவிட வேண்டும்.

இப்போது அவள் சென்னையில் மீண்டும் வார்டுப் பணியில் இருக்கிறாள். இரவு ஒன்பது மணிக்குத் தாயார் நம்மிடம் தொலைபேசியைக் கொடுத்து எண்ணைப் போடச் சொல்வார். மறுமுனையில் பேத்தியின் குரல் கேட்டதும் ஸலாம் சொல்லிவிட்டு, அன்று காலையும் மாலையும் பார்த்த சர்க்கரை அளவை ஒப்பிப்பார். மாலை அளவைச் சில நாள் குறைத்துச் சொல்வதும் உண்டு. அவள் உடனே, “மாமாவிடம் கொடுங்கள்” என்பாள்.